பழைய கைபேசியைப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள்

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலைப் பொழுது. பண்டாரவளைக்கு அருகிலுள்ள எமது கூட்ட மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். சேலை முந்தானையில் எதையோ பொத்திப் பிடித்தபடி ஒரு தாய் வந்து வாசலில் நின்றார். மண்சரிவு அபாயம் என்று லயத்தை விட்டு இறக்கப்பட்டு, உறவினர் வீட்டில் ஒரு காம்பராவில் குடியிருப்பவர். முந்தானைக்குள் இருந்தது ஒரு பழைய கைபேசி. கொழும்பில் வேலை செய்யும் மகள், புதியது வாங்கியபோது தாயிடம் கொடுத்துச் சென்றது.

"இது செத்துப்போச்சுங்க சாமி. மண்டபத்துல வைஃபை இருக்கு, சும்மா பாக்கலாமுன்னு சொன்னாங்க. இதுல புடிக்கவே மாட்டேங்குது. டவுன் கடையில கேட்டேன். இத தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குன்னுட்டாங்க."

வாங்கிப் பார்த்தோம். கைபேசி சாகவில்லை. கடவுச்சொல்லின் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. அவருடைய மகன் சின்ன எழுத்தில் அடித்திருந்தான். அதைத் திருத்தியதும் இணைப்பு கிடைத்தது. ஆனாலும் எதுவும் திறக்கவில்லை. திகதியைப் பார்த்தால் 2015 ஜனவரி 1 என்று காட்டிற்று! பற்றரி முற்றாக இறங்கியதில் கடிகாரம் பின்னோக்கிப் போயிருந்தது. சிம் வேறொரு பொத்தான் கைபேசியில் இருந்தபடியால் நேரம் தானாகத் திருந்தவும் வழியில்லை. கையால் திகதியைத் திருத்தினோம். சற்று நேரத்தில் மூன்று வாரச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

ஆசிரியர் அனுப்பிய பாடக் குறிப்புகள் அவற்றில் இருந்தன. ஊர்க் குழுவில் யாரோ பகிர்ந்த ஓர் அறிவித்தலும் இருந்தது: மாற்றுக் காணிக்குப் பதிந்துகொள்ள ஆவணங்களுடன் வரும்படி. அந்தத் திகதி கடந்து நான்கு நாட்களாகியிருந்தன. அந்தத் தாய் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. கைபேசியை மீண்டும் முந்தானையில் சுற்றிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையிலேயே போய் மன்றாடி அவர் பதிந்துகொண்டது இறைவன் கருணை. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

இந்த இதழில் இதைப்பற்றி எழுத வேண்டும் என்று அன்றே தீர்மானித்தோம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது ஆடம்பரமா?

எமது மாவட்டத்தில் வீட்டையும் தோட்டத்துண்டையும் இழந்தவர்கள் பல வகையினர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, மரக்கறிச் செய்கை காய்ந்தது. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டவற்றுள் ஒன்று.

இடம்பெயர்ந்தவருக்கு முதலில் அறுந்துபோவது செய்தித் தொடர்பே. லயத்தில் இருந்தபோது பிரட்டுக் களத்தில் ஒரு வார்த்தை காதில் விழும். கோயில் முற்றத்தில் ஒருவர் சொல்லுவார். சிதறிப் போன பின் அந்த வாய்வழி இல்லை. நிவாரணப் பட்டியல், அஸ்வெசும விபரம், பாடசாலை அறிவித்தல், மழை எச்சரிக்கை எல்லாம் இன்று கைபேசி வழியாகவே அதிகம் வருகின்றன. 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, எமது மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையப் பாடத்துக்காகக் காட்டு வழியே குன்றேறி அலை தேடிய கதையை உலகமே படித்தது.

புதிய கைபேசியோ எட்டாக் கனி. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சாதாரணமான புதிய கைபேசி ஒன்றே ஏறக்குறைய ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடும். ஆகவே இருக்கின்ற பழைய கைபேசியை இயங்க வைப்பது சிக்கனம் மட்டுமல்ல, உரிமையைத் தவறவிடாமல் காக்கும் வழியும் ஆகும்.

ஓர் இணைப்பு, பல குடும்பங்கள்

வைஃபை என்பது மந்திரமன்று. அது ஒரு சின்ன வானொலி. மண்டபத்து மூலையில் இருக்கும் ரவுட்டர் பெட்டி வானொலி அலைகளை வீசுகிறது. கைபேசி அதைக் கேட்டுப் பதில் பேசுகிறது.

ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்வதும் மலையகத்துக்குப் புதிதல்ல. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகப் பல குடும்பங்கள் நிலம் விட்டுப் பெயர்ந்தன. அப்பகுதியில் 1989இல் கொத்மலை சமூக வானொலி தொடங்கிற்று. 1998இல் யுனெஸ்கோவின் துணையுடன் அந்நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. வீட்டில் கணினி இல்லாத விவசாயி கேள்வி கேட்பார். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, வானொலியில் அவருடைய மொழியிலேயே சொல்லுவார்கள். ஓர் இணைப்பினால் ஓர் ஊரே பயன்பெற்றது. எமது மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் உள்ள வைஃபையை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

கைபேசி ஏன் மறுக்கிறது?

காணாமற்போன காசைத் தேடிய நற்செய்திப் பெண்ணைப்போல, விளக்கேற்றி மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். எமது அனுபவத்தில் பார்க்கவேண்டிய மூலைகள் ஐந்து.

1. கடவுச்சொல். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பூச்சியம், ஆங்கில 'ஓ' எழுத்து ஆகியவற்றை மாற்றி அடிப்பதே பெரும்பாலான தவறு. அடிக்கும்போது கண் வடிவக் குறியைத் தொட்டால் எழுத்துகள் தெரியும். முன்பு தவறாகப் பதிந்ததைக் கைபேசி நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். ஆகவே பற்சக்கர வடிவிலுள்ள செட்டிங்ஸுக்குள் போய், வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்து, 'ஃபொர்கெட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பின்பு புதிதாக இணையுங்கள்.

2. திகதியும் நேரமும். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் காலவரையறை கொண்ட ஒரு சான்றிதழைக் காட்டும். கைபேசியின் கடிகாரம் தவறாக இருந்தால், நல்ல சான்றிதழும் காலாவதியானதாகவோ இன்னும் செல்லுபடியாகாததாகவோ தோன்றும். "இணைந்திருக்கிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை" என்றால் முதலில் திகதியைப் பாருங்கள்.

3. அலைவரிசை. ரவுட்டர்கள் இரண்டு பாதைகளில் பேசுகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்பது பழைய வண்டிப்பாதை: வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹேர்ட்ஸ் புதிய பெருந்தெரு: வேகம் அதிகம், தூரம் குறைவு. பழைய கைபேசிகள் பலவற்றுக்கு வண்டிப்பாதை மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 மாத்திரம் திறந்திருந்தால் அவற்றின் பட்டியலில் பெயரே வராது. அண்டை வீட்டார் கைபேசியில் தெரியும் பெயர் உங்களுடையதில் தெரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. ரவுட்டருக்குப் பொறுப்பானவரிடம் 2.4ஐயும் திறந்துவிடச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கைபேசியாயின் 12, 13ஆம் அலைத்தடங்களை அது காணாமலிருக்கலாம். ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் வைத்தால் போதும்.

4. பூட்டின் வகை. ரவுட்டரும் கைபேசியும் இரகசியமாகப் பேச ஒரு பூட்டு முறை உண்டு. 2004 முதல் உள்ளது டபிள்யூ.பி.ஏ. 2. 2018இல் வந்தது டபிள்யூ.பி.ஏ. 3. அண்ட்ரொயிட் 10 வெளிவந்தது 2019இல்; அதற்கு முந்திய கைபேசிகள் பொதுவாகப் புதிய பூட்டை அறியா. கடவுச்சொல் சரியாக இருந்தும் 'இணைக்க முடியவில்லை' என்றே வரும். ரவுட்டரில் இரண்டும் கலந்த முறையைத் தெரிவுசெய்தால் பழையதும் புதியதும் சேரும். சுலபம் என்று பூட்டே இல்லாமல் திறந்து வைக்கலாகாது.

5. இடமும் இணைப்பும். லயத்துக் கற்சுவரும் தகரக் கூரையும் அலையைத் தடுக்கும். ரவுட்டரைத் தரையிலோ இரும்பு அலுமாரிக்குள்ளோ வைக்காமல், உயரத்தில், யன்னலோரம் வையுங்கள். டேட்டா பொதி முடிந்தாலும் இணைப்பு இருப்பதுபோலவே காட்டும். ஒரே நேரத்தில் இத்தனை கைபேசிகளுக்குத்தான் என்ற வரம்பு சிறிய ரவுட்டர்களுக்கு உண்டு. கடைசியாக வந்தவருக்கு இடமில்லாது போனால் கைபேசியில் குற்றமில்லை. ரவுட்டரையும் கைபேசியையும் ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பார்ப்பது எப்போதும் நல்லது.

முடியாததையும் சொல்லிவிடுகிறோம்

எல்லாப் பழைய கைபேசியையும் மீட்கலாம் என்று நாம் சொல்லவில்லை. அண்ட்ரொயிட் 4.4 உள்ள கைபேசிகளில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ்அப் இயங்குவதில்லை. அண்ட்ரொயிட் 7.1க்கு முந்தியவற்றில் பல இணையத்தளங்கள் திறக்கா. காரணம் எளியது. திருமணத்துக்கு வேறு பங்கிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வந்தால், அறிந்த முத்திரையைக் கண்டுதானே ஏற்கிறோம்? கைபேசியிலும் நம்பத்தக்க முத்திரைகளின் பட்டியல் உண்டு. மிகப் பல இணையத்தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் சார்ந்திருந்த பழைய முத்திரை 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. பழைய கைபேசிகளுக்கென அது செய்திருந்த சிறப்பு ஏற்பாடும் 2024இல் முடிந்தது. இது உங்கள் பிழையுமன்று, மண்டபத்து வைஃபையின் பிழையுமன்று.

இன்னுமொன்று. பழைய கைபேசிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பாடத்துக்கும் செய்திக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை அதில் திறவாதீர்கள். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை, உதவி செய்கிறோம் என்று வருபவர் எவரிடமும் சொல்லாதீர்கள், எம்மிடமும்கூட.

வைஃபையை மட்டும் நம்பி உறங்கலாமா?

கூடாது. கடும் மழையில் முதலில் போவது மின்சாரம். அதோடு ரவுட்டரும் அணைந்துவிடும். டித்வாப் புயலின்போது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. ஆகவே வீட்டில் பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்று இருக்கட்டும். பொத்தான் கைபேசி ஒன்று எப்போதும் சார்ஜுடன் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்க வைஃபை தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர் ஆகியவற்றைக் கண்டால் எந்தச் செய்திக்கும் காத்திராதீர்கள்.

மீரியபெத்தை எமக்குச் சொல்லும் கசப்பான பாடம் வேறொன்று. அங்கே ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் இல்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? உயிர் தப்பியவர்களுக்குப் புது வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. கைபேசி செய்தியைக் கொண்டுவரும், காணியைக் கொண்டுவராது. ஆயினும் காணிக்கான பதிவு எப்போது, எங்கே என்பதை அறியாதவன் வரிசையின் கடைசியிலேயே நிற்பான். நிலம் கேட்கும் போராட்டத்துக்கு, வேளையோடு செய்தி கிடைப்பதும் ஓர் ஆயுதம்.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு குடியிருப்பிலும் கைபேசி பழக்கமுள்ள இளைஞர், யுவதியர் இருவரைத் தெரிவுசெய்யுங்கள். வாரத்தில் ஒரு மாலை பழைய கைபேசிகளைப் பார்த்துக்கொடுப்பது அவர்கள் பணியாகட்டும். செட்டிங்ஸில் மொழியைத் தமிழாக்கிக் கொடுத்தால் பெரியவர்களின் பயம் பாதி குறையும். கைபேசியே இல்லாத வீட்டுக்கு யார் போய்ச் செய்தி சொல்வது என்பதையும் பெயர் குறித்துத் தீர்மானியுங்கள்.

அந்தத் தாய் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்துக்கு வருகிறார். வந்ததும் திகதி சரியா என்று பார்த்துவிட்டுத்தான் கதிரையில் அமருகிறார். சென்ற வாரம், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரின் கைபேசியையும் கொண்டுவந்திருந்தார்.

"இதுவும் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க சாமி" என்றார் சிரித்தபடி. "எனக்கு நம்பிக்கையில்ல."

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது குடியிருப்பில் பெட்டியில் கிடக்கும் பழைய கைபேசிகள் எத்தனை? ஏன் கிடக்கின்றன?
2. கடந்த ஓராண்டில் செய்தி கிடைக்காததால் நாம் தவறவிட்டவை எவை?
3. மின்சாரமும் தொடர்பும் அறுந்த இரவில், வெளியேறும் செய்தியை யார், எப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் சேர்ப்பார்?