இதய ஆஸ்பிரினும் இரைப்பைப் புண்ணும்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவருக்கு ஒரு நாள் மலம் தார் போலக் கறுத்துப்போகிறது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பையில் புண், அதில் ரத்தக் கசிவு. தினமும் போட்ட ஆஸ்பிரின்தான் காரணம் என்று தெரிந்ததும், "இனி அந்த மாத்திரையே வேண்டாம்" என்று வீட்டில் முடிவெடுத்துவிடுகிறார்கள். வயிறு தப்பலாம், இதயத்துக்கு இருந்த காவல் போய்விடுகிறது.

ஹாங்காங்கில் மருத்துவர் ஜோசப் சுங் குழுவினர் இந்தச் சிக்கலை நேரடியாகவே ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். இதய, மூளை ரத்தக்குழாய் நோய்க்காக ஆஸ்பிரின் எடுத்து, புண்ணில் ரத்தம் கசிந்த 156 பேர். கசிவை நிறுத்தி, அனைவருக்கும் அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் தொடர்ந்தது. மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 30 நாளில் மறுபடி கசிந்தது, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 10.3 சதவீதம், எடுக்காதவர்களில் 5.4. ஆனால் எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.3 சதவீதம்; நிறுத்தியவர்களில் 12.9!

அதனால்தான் கசிவு நின்ற சில நாட்களிலேயே மருத்துவர்கள் ஆஸ்பிரினை மீண்டும் தொடங்குகிறார்கள். இதய நோயே இல்லாமல் முன்னெச்சரிக்கையாகப் போடுபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

இரைப்பைச் சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதையே ஆஸ்பிரின் தடுக்கிறது. ரத்தத்தில் கலந்த பிறகும் அந்த வேலை நடப்பதால், குடலில் போய்க் கரையும் பூச்சு மாத்திரையும் முழுப் பாதுகாப்பு தராது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெலுக்கு மாறுவதும் தீர்வல்ல. புண் ஆறிய 320 பேரிடம் ஹாங்காங்கில் நடந்து 2005இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஓராண்டில் குளோபிடோக்ரெல் எடுத்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கு மறுபடி கசிந்தது. ஆஸ்பிரினோடு அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல் சேர்த்தவர்களில் 0.7 சதவீதம்தான்.

இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் பார்த்து ஒழிப்பதும் சிகிச்சையின் பகுதியே. இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க நோயாளி தயங்கவே கூடாது. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் வலிநிவாரணியை ஆஸ்பிரினோடு சேர்த்துப் போடுவது புண்ணை வரவழைப்பதற்குச் சமம். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. ஆஸ்பிரினைத் தொடர்வதா என்று இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க அந்த ஆவணங்கள் உதவும்.

மலம் கறுத்தாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, வாயுத் தொல்லை என்று காத்திருக்காமல், போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.