கத்தியின் வாயும் எஃகின் பதமும்

நம் வீடுகளில் சமையல் கத்தி ஒன்றும் பாராங் ஒன்றும் கட்டாயம் இருக்கும். இரண்டையும் மேசைமேல் கிடத்தி, நுனிப்பக்கமிருந்து பாருங்கள். சமையல் கத்தி முதுகிலிருந்து வாய்வரை நேராக மெலிந்து வருகிறது. பாராங்கோ, வாயை நெருங்கும் இடத்தில் சற்றுப் புடைத்து, வளைந்து இறங்குகிறது. அந்தப் புடைப்புத்தான் வாய்க்குப் பின்பலம். மெல்லிய வாய் வெங்காயத்துக்கு நல்லது. அதைக் கொண்டு கிளையை ஓங்கி வெட்டினால் பல் விழுந்துவிடும். நாவிதரின் சவரக்கத்திக்கு இருபுறமும் குழியாகக் குடைந்திருப்பார்கள். மயிருக்கு மேல் வேறெதையும் அது தாங்காது.

வடிவம் மட்டும் போதாது. எஃகில் கரி கூடினால் கடினம் ஏறும், முறியும் தன்மையும் கூடவே ஏறும். பாராங்குகள் பல, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. அதில் கரி நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய பழைய எஃகில் ஏறத்தாழ 1.5 பங்கு. பாரசீகக் கொல்லர்கள் அதை வாங்கி, நீரோட்டம் போன்ற வரியுள்ள வாள்களாக அடித்தார்கள். எவர்சில்வர் கத்தியில் குரோமியம் 10.5 பங்குக்குக் குறையாது. எலுமிச்சை பட்டாலும் எளிதில் துரு ஏறாது.

கொல்லர் எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்ப்பார். பிறகு இளஞ்சூட்டில் வாட்டி முறியும் குணத்தைத் தணிப்பார். ஜப்பானிய வாள் கொல்லர் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசித் தோய்ப்பார். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து, முறியாமல் அடி தாங்கும்.

இந்தப் பதத்தை நாமே ஒருமுறை கெடுத்தோம். பள்ளித் தோட்டத்துப் பாராங்கை மின்சாரச் சாணையில் தண்ணீரில்லாமல் பிடித்தோம். பொறி அழகாகப் பறந்தது. வாய் நீலம் பாய்ந்ததைக் கவனிக்கவில்லை. நீலம் பாய்ந்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டு, பதம் இளகிவிட்டது என்று பொருள். மறுநாள் வேலி வெட்ட வந்த பெற்றோர் ஒருவருக்கு நாலு வெட்டில் அது மழுங்கியது. அவர் பலமாக ஓங்கினார். கத்தி வழுக்கி, முழங்காலுக்குக் கீழே ஏழு தையல்.

"வாத்தியாரே, பொறியைப் பார்த்தீங்க, நிறத்தைப் பார்க்கலியே," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பிறகு நனைத்த கல்லில், புடைப்பு தட்டையாகிவிடாமல் கையைச் சற்றே உருட்டி உருட்டித் தேய்த்தோம். அந்த நீலத்தை எடுக்க மூன்று மாலை பிடித்தது.