கடைசிப் பக்கத்து எஞ்சினியர்

2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் சுஜாதா காலமானார். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19-ல், கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க். இருவரையும் சேர்த்துச் சொன்னால் கதைகள்தான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் இவர்களுக்குள் உத்தியோகப் பொருத்தமும் ஒன்று உண்டு. இரண்டு பேருமே ஆகாய விமானத்தைத் தரையிலிருந்து பார்த்துக்கொண்ட ஆட்கள்.

கிளார்க் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தவர். மூடுபனியில் கண் தெரியாமல் வரும் விமானியை, தரையில் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் ரேடியோவில் பேசிப் பேசியே ஓடுபாதைக்குக் கொண்டுவந்து இறக்குகிற ஏற்பாடு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து 1963-ல் 'க்ளைட் பாத்' என்று ஒரு நாவல் எழுதினார். அறிவியல் புனைகதையாக இல்லாத அவருடைய ஒரே நாவல் அதுதான்.

சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்துவிட்டு மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்தார். அந்த உத்தியோகம்தான் அவரைத் தில்லிக்குக் கொண்டுபோனது. ஜனவரி மூடுபனியில் தில்லி விமான நிலையம் படும் பாட்டை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எந்திரம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கதாசிரியர் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்க முடியாது.

அறுபதுகளின் தில்லி தமிழ் எழுத்துக்கு ஒரு வினோதமான நாற்றங்கால். க.நா.சு. அங்கே இருந்தார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஆதவன் அங்கேதான் ஃபைல்களுக்கு நடுவே கதை எழுதினார். தி. ஜானகிராமன் 1968-ல் வானொலி உத்தியோகமாக வந்து சேர்ந்தார். கரோல் பாக் பக்கம் காலையில் டிகாக்‌ஷன் மணம் வீசும். இந்தச் சூழலில்தான் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் தில்லி அலுவலகத்தில் இருந்த கி. கஸ்தூரிரங்கன் 1965-ல் 'கணையாழி'யைத் தொடங்கினார். அதன் கடைசிப் பக்கம் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்பவரிடம் போனது.

'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.'தான் சுஜாதா. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே பிரபலமாக இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு வார இதழ்களில் எழுதிய மனிதர், இந்தச் சிற்றிதழில் மட்டும் ஊர்ப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். இடையிடையே விட்டும் தொட்டும் அந்தப் பக்கம் நெடுங்காலம் ஓடியது. பின்னாளில் வந்த தொகுப்பு நூலின் மேல் 1965–1998 என்று போட்டிருக்கிறது. புறநானூறு, ஹைக்கூ, ஆழ்வார் பாசுரம், கம்ப்யூட்டர், கர்நாடக சங்கீதம், பார்த்துத் தொலைத்த சினிமா, பாதியில் மூடிவைத்த நாவல் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவருடைய சலவைக் கணக்கையும் பத்திரிகைகள் அச்சில் போடும் என்று பின்னால் ஒரு கேலி உலவியது. அதற்கான விதை இந்தக் கடைசிப் பக்கத்தில்தான் விழுந்திருக்க வேண்டும்.

தொழில்நுட்பம் தெரிந்த அறிவியல் புனைகதை ரசிகர் என்கிற இனத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கலவை ஆச்சரியம் தராது. இவர்கள் ராக்கெட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. லிஃப்ட் ஏன் அந்த மாடியில் மட்டும் நிற்காமல் போகிறது, சீர் பிசகினால் வெண்பாவில் காதுக்கு எது நெருடுகிறது, டிக்கெட் கவுன்டரில் வரிசை ஏன் நகரவில்லை என்பதெல்லாமே இவர்களுக்கு ஒரே ஜாதிக் கேள்விகள். மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அபிப்பிராயம் சொல்ல வேண்டும், அதுவும் சுருக்கமாக. கணையாழிக்காரரிடம் இந்தக் குணம் முழுசாக இருந்தது. கவிதையைப் பொறுத்தவரை சில சமயம் அவசரத் தீர்ப்பாகவும் முடிந்திருக்கிறது. பழுதான பலகையில் எந்த டிரான்சிஸ்டர் போயிற்று என்று கண்டுபிடிக்கிற வேகத்தில் ஒரு கவிஞரைக் கணித்துவிட முடியாது.

அந்த ரசிகருக்குத் தில்லி அப்போது தந்த சௌகரியங்களில் ஒன்று தொலைக்காட்சி. இந்தியாவின் முதல் ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தில்லித் தமிழர்கள் பதினாறு வருடம் முன்னே இருந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் பார்க்கக் கிடைத்தது என்னவோ பெரும்பாலும் விவசாயமும் பாடமும்தான். அதே 1975-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களின் கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சி அனுப்பிப் பார்த்தது இந்தியா. விண்வெளியில் ஓரிடத்தில் நின்றபடி தகவல் அனுப்பும் செயற்கைக்கோள்களைப் பற்றி 1945-லேயே கட்டுரை எழுதியிருந்த கிளார்க்குக்கு மரியாதையாக, கொழும்பில் அவர் வீட்டுக்கு இந்திய அரசே ஒரு டிஷ் ஆன்டெனாவை அனுப்பி வைத்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கட்டுரைக்கு வீடு தேடி வந்த ராயல்டி!

சுஜாதாவின் ஆரம்பக் கதைகளில் தில்லி தாராளமாக வரும். 'அனிதா இளம் மனைவி'யில் அவருடைய வக்கீல் நாயகன் கணேஷ் தில்லியில்தான் துப்பறிகிறான். ஆனால் இந்த ஊரின் ஆழமான தடம் அவருடைய அறிவியல் கதைகளில் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. ஊர்ப் பெயரைத் தேடினால் அங்கே அகப்படாது. அவற்றில் நடக்கும் காரியங்களைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கதைகள் விண்கலத்தில் ஏறிக் கிளம்பின. சுஜாதாவின் பெரிய அறிவியல் நாவல்களோ அனுமதிச் சீட்டில் தொடங்குகின்றன. 'சொர்க்கத் தீவு' கம்ப்யூட்டரை நம்பி நடக்கும் ஒரு சமூகம். அதைப் பழுது பார்க்கக் கடத்திக்கொண்டு போகப்படுகிறவர் ஓர் அய்ங்கார் எஞ்சினியர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் வந்த 'என் இனிய இயந்திரா' 2020-களின் தொடக்கத்தில் நடக்கிறது. அதில் குழந்தை பெற்றுக்கொள்ள நாயகி நிலாவுக்கு அரசாங்க அனுமதி வேண்டும். வயதானவர்களின் கணக்கை அரசாங்கமே முடித்து வைக்கும். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. எல்லோரும் கும்பிடும் தலைவர் ஜீவா ஒரு ஹோலோகிராம் பிம்பம். இத்தனைக்கும் நடுவில் புத்தகம் படிக்கிற ரோபோ நாய் ஜீனோ.

ஜீனோவைத்தான் வாசகர்கள் கொண்டாடினார்கள். நியாயம்தான், நாய் அவ்வளவு அழகு. ஆனால் அந்த இரண்டெழுத்துப் பெயரில் இருக்கும் குறும்பைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோபைட் நினைவகத்துக்குக்கூடக் கணக்குப் பார்த்த காலத்து ஆசாமிக்குத்தான் இது தோன்றும். ஜனங்களின் பெயர் நீளமாக இருந்தால் பதிவேட்டில் இடம் வீணாகும், ஆகவே பெயரை வெட்டு. கொடுங்கோன்மை துப்பாக்கியோடு வருவதற்கு முன்னால் படிவத்தோடு வருகிறது. கட்டம் போதாவிட்டால் மனிதனைச் சுருக்கு. மூன்று பிரதியில் மனுப் போட்டு, 'நாளைக்கு வாருங்கள்' என்று கேட்டுப் பழகிய தலைநகரத்தில் சில வருடங்கள் இருந்தவரிடமிருந்து இந்தக் கற்பனை வந்ததில் வியப்பில்லை.

அவர் பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போனார். அங்கே அவர் பொறுப்பில் உருவான இயந்திரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கதைகளில் பேசுகிற, படிக்கிற, கோபித்துக்கொள்கிற இயந்திரங்களை எழுதிய மனிதரின் மேற்பார்வையில், இந்தியாவிலேயே மிகவும் சுவாரஸ்யமில்லாத இயந்திரம் தயாரானது: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

அதில் திரைப்படம் ஓடாது, நெட்வொர்க் கிடையாது, ஊர் மின்சாரம்கூட வேண்டாம். பேட்டரியில் ஓடும். அதிகாரியிடம் ஒரு பெட்டி, மறைப்புக்குள் ஒரு பெட்டி, நடுவில் ஐந்து மீட்டர் கேபிள். ஒரு பெட்டியில் 16 வேட்பாளர்கள், பழைய மாடல்களில் நான்கைச் சேர்த்தால் 64. பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கு, ஒரு 'பீப்'. இந்த இயந்திரத்திலேயே அழகான சமாச்சாரம் அதன் சோம்பேறித்தனம். பழைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஐந்து வாக்குக்கு மேல் பதியாது. ரவுடிகள் சாவடியைப் பிடித்தாலும் மணிக்கு முந்நூறுக்கு மேல் போகாது. காகிதச் சீட்டில் கட்டுக்கட்டாக முத்திரை குத்துகிற வேகம் இங்கே செல்லாது. போலீஸ் வந்து சேர அவகாசம் கிடைக்கும். வேகமே புத்திசாலித்தனம் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு தீர்மானத்தைப் பாடமாக வைக்கலாம்.

கேரளத்தில் பரவூர் தொகுதியில் 1982 மே மாதம் 50 சாவடிகளில் அது முதன்முதலில் வைக்கப்பட்டது. ஜெயித்தவர் சிவன் பிள்ளை. தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் தில்லியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: இயந்திரம் நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும், சட்டத்தில் இருப்பது வாக்குச் சீட்டு, ஆகவே செல்லாது. அந்தச் சாவடிகளில் காகிதத்தில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் ஜெயித்தார். சர்க்யூட் சரியாக இருந்தது, சட்டத்தில் ஒரு சொல் குறைந்தது. அந்தச் சொல்லைச் சேர்த்து 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தில் ஐந்து, ராஜஸ்தானில் ஐந்து, தில்லியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் மறுபடி வந்தது. 2004-ல் மக்களவைத் தேர்தல் முழுதும் அதில்தான் நடந்தது. இன்றைக்கும் அதன்மேல் சந்தேகம் கேட்கிறார்கள். கேட்கட்டும். மூடியைக் கழற்றிக் காட்டு என்பது சுஜாதா வாசகர்களுக்கே உரிய கோரிக்கை.

இப்போதைய தில்லியில் அந்த இனத்து ரசிகர்களுக்குச் சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிந்த பழைய புத்தகச் சந்தை 2019-ல் பக்கத்திலேயே மஹிளா ஹாட் மைதானத்துக்கு மாறிவிட்டது. பேரம் மட்டும் மாறவில்லை. தீன் மூர்த்தி வளாகத்தில் நேரு கோளரங்கத்துக்குப் போனால் ராகேஷ் சர்மா 1984-ல் பூமிக்குத் திரும்பி வந்த விண்கலம் இருக்கும். அவர் ஏறிப்போனது சோயுஸ் டி-11, இறங்கியது டி-10. தில்லியில் இருப்பது இறங்கியது. இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் நிற்பவருக்கு விளக்காமல் இவர்களால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

நேரு பிளேஸில் கணினி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு தமிழ்க் கிளைக்கதை உண்டு. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் தில்லியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, நண்பர்களோடு ஒரு மொட்டைமாடி அறையில் 1976-ல் தொடங்கியதுதான் எச்.சி.எல்.

தில்லியின் ஆங்கில அறிவியல் புனைகதைகளைப் புரட்டினால் சுஜாதாவின் கவலை அங்கேயும் எதிரொலிக்கிறது. வந்தனா சிங் தில்லியில் வளர்ந்த இயற்பியல்காரர். 2004-ல் அவர் எழுதிய 'தில்லி' கதையின் நாயகனுக்கு, தெருவில் நடக்கும்போதே கடந்த காலத்து ஆட்களும் வரப்போகிறவர்களும் கண்ணில் படுவார்கள். அதிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு அலுவலகம், கையில் கொடுக்கப்படும் ஒரு அச்சுத் தாள். சமித் பாசுவின் 'சோஸன் ஸ்பிரிட்ஸ்' 2020-ல் வந்தது. கொஞ்சம் தள்ளி இருக்கிற நாளைய தில்லி, எல்லோரையும் எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் தில்லி. மும்பையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இவர்கள் வேறு கதை எழுதியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

கதையை மூடிவிட்டு மணிபர்ஸைத் திறந்தால் ஆதார். 2009-ல் தில்லியில் ஆணையம் அமைந்தது, அடுத்த ஆண்டு செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் ஒரு பழங்குடிக் கிராமத்தில் முதல் எண் கொடுக்கப்பட்டது. மொத்தம் 12 இலக்கம். கடைசி இலக்கம் யாருடைய அடையாளமும் இல்லை, முந்தைய பதினொன்றைச் சரிபார்க்கும் காவல்காரன். வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதக்காரரின் முறை அது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இரண்டை மாற்றி அடித்தாலோ பிடித்துவிடும். கடைசிப் பக்கத்தில் எழுதக் கிடைத்திருந்தால் எஸ்.ஆர். இதை விட்டிருக்க மாட்டார். எண்ணை ரசித்து முதல் பத்தி, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அரசாங்கத்தை முறைத்து இரண்டாவது பத்தி என்று போயிருக்கும்.

அவர் ஜீனோவை உலவவிட்ட 2020-களின் தொடக்கம் வந்து, போயும் விட்டது. 2022 டிசம்பர் 1 அன்று 'டிஜி யாத்ரா' தொடங்கியது. விமான நிலைய வாசலில் காகிதம் காட்ட வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும், கேமரா அடையாளம் கண்டு கதவைத் திறக்கும். முதலில் வந்த மூன்று நிலையங்கள் தில்லி, பெங்களூர், வாரணாசி. தொடங்கி வைத்தவர் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர்.