வென்றோர் கடன்

தமிழிலே கடன் என்னும் சொல்லுக்குச் சிறந்த பொருள் இரண்டு. செய்தே தீரவேண்டிய முறைமையும் கடன். பிறர்க்குத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒரு நாடு மற்றொரு நாட்டின்மீது படையெடுத்துச் சென்று, ஆங்கிருந்த அரசை வீழ்த்தி, அந்நிலத்தைத் தன் காவலில் வைத்துக்கொள்ளுமாயின், அந்நிலத்து மக்கள்பால் அதற்கு முதற்பொருளிற் கடன் உண்டாகின்றது. அதனை ஆற்றத் தவறுமாயின் இரண்டாம் பொருளிலும் அது கடன்படுகின்றது. போர் நீதியானதா என்னும் வழக்கு வேறு. வென்றபின் வந்து சேரும் கடன் வேறு. இவ்வேற்றுமையை மறந்தே பலரும் இப்பொருள்பற்றி வாதிடுகின்றனர். 2003-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடும் பிரிட்டனும் ஈராக்கைக் கைப்பற்றிய வரலாற்றைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

முதற்கண் சட்டம் கூறுவதைக் காண்போம். ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் 1907-இல் பல அரசுகளின் பிரதிநிதிகள் கூடி யாத்த போர்விதிகளுள் சில, கைப்பற்றப்பட்ட நிலத்தைப் பற்றியன. ஆட்சியதிகாரம் உண்மையில் படையெடுத்தோர் கைக்கு வந்தவுடன், பொது அமைதியையும் மக்கள் வாழ்வையும் இயன்றமட்டும் மீட்டு நிலைநிறுத்தல் வேண்டும் என்றும், முற்றிலும் இயலாதவிடத்தன்றி அந்நாட்டுச் சட்டங்களை மதித்தல் வேண்டும் என்றும் 43-ஆம் விதி கூறும். அரசுக்குரிய கட்டடம், காடு, விளைநிலம் ஆகியவற்றுக்கு வென்றோர் உடையவராகார் என்பதும், முதல் கெடாமற் காத்துப் பயன்மட்டும் கொள்ளத்தக்கவர் என்பதும் 55-ஆம் விதியின் கருத்து. அறநிலையத்துச் சொத்துக்குத் தர்மகர்த்தா எவ்வாறோ, அவ்வாறே இவரும் என்று கொள்ளலாம். 1949-இல் எழுந்த ஜெனீவா உடன்படிக்கை, மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வதையும், மருத்துவமனைகளையும் சிறுவர் கல்விச்சாலைகளையும் நடைபெறச் செய்வதையும் இக்கடமைகளோடு சேர்த்தது. இவ்விதிகளுள் ஒன்றேனும் 'உன் போர் அறப்போரா?' என்று வினவுவதில்லை. நல்லெண்ணத்தோடு வந்தவனுக்கும் தீயெண்ணத்தோடு வந்தவனுக்கும் கடன் ஒன்றே.

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பாக்தாத் நகரம் வீழ்ந்தது. அடுத்த நாள் தொடங்கி 12-ஆம் நாள்வரை அந்நகரத்துத் தேசியக் காட்சிச்சாலை கொள்ளையிடப்பட்டது. சுமேரியர், அக்காடியர், அசீரியர் விட்டுச்சென்ற பொருள்களுள் ஏறக்குறைய 15,000 காணாமற்போயின. உருக் நகரத்தில் அகழ்ந்தெடுத்ததும், ஐயாயிரம் ஆண்டுத் தொன்மையுடையதுமான கற்கலம் ஒன்று பீடத்தினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்டது. தேசிய நூல்நிலையமும் அம்மாதத்திலேயே தீக்கிரையாயிற்று. அமெரிக்கப் படையினர் காட்சிச்சாலைக்குக் காவலிட்டது 16-ஆம் நாள். எண்ணெய் அமைச்சகத்துக்கோ தொடக்கத்திலேயே காவல் இடப்பட்டிருந்தது. காவலுக்கு ஆள் இல்லை என்னும் விடை இவ்வொரு செய்தியால் வலியிழந்துபோகின்றது.

கொள்ளையிட்டோர் ஈராக்கியரே, படையினர் அல்லரே எனச் சிலர் கூறுவர். உண்மையே. ஆயினும், ஊர்க்காவலனை அடித்து விரட்டியவன், அன்றிரவு நடந்த களவுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று எவ்வாறு கூறுதல் கூடும்? பழைய அரசு கொடியதென்பதில் ஐயமில்லை. 1988-இல் ஹலப்ஜா நகரத்துக் குர்து மக்களை நச்சுப்புகையால் கொன்ற அரசு அது. அவ்வரசின் கொடுமையை அகற்றினோர், அதனுடைய காவலையும் உடன் அகற்றினர். அகற்றிய அந்நாழிகை முதற்கொண்டே காவல் அவர் தலைமேலதாயிற்று.

அக்காட்சிச்சாலையின் பிறப்பும் ஒரு படையெடுப்பின் பின்விளைவே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1917-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஜெனரல் மாட் தலைமையில் பிரிட்டிஷ் படை பாக்தாத் புகுந்தது. அப்படையிற் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள்; சென்னைச் சாப்பர் படையினரும் மெசபொட்டேமியாப் போரில் பணிபுரிந்தனர். தாம் வென்றடக்க வந்தவரல்லர், விடுதலை அளிக்கவே வந்தனர் என்று அத்தளபதி அந்நகர மக்களுக்கு விளம்பரம் செய்தார். மூன்றாண்டு கழிந்து, 1920-இல், அம்மக்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். அஃது ஆயுதபலத்தால் அடக்கப்பட்டது. அவ்வாட்சியில் அலுவல் புரிந்த கெர்ட்ரூட் பெல் என்னும் அம்மையார், அகழ்ந்தெடுக்கும் பொருள்கள் அனைத்தும் கடல்கடந்து போகாவண்ணம் தடுத்துக் காட்சிச்சாலையை நிறுவினார். விடுதலை அளிக்க வந்தோம் என்னும் அம்மொழி 2003-இலும் கேட்கப்பட்டது. முன்னை ஆட்சியாளர் அமைத்துச் சென்ற ஒரு நன்மையையும் பின்னை ஆட்சியாளர் காவாது விட்டனர்.

பாபிலோன் நகரத்துக்கு நேர்ந்தது இதனினும் வியப்பு. பழைய நகரத்தின் இடிபாடுகள்மீதே படையினர் பாசறை அமைத்து, 2004-ஆம் ஆண்டின் இறுதிவரை தங்கினர். ஹெலிகாப்டர்கள் இறங்குதற்கு நிலம் மட்டஞ்செய்யப்பட்டுக் கப்பிக்கல் பரப்பப்பட்டது. பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. பானையோடுகள் கலந்த தொல்மண்ணையே மணல்மூட்டைகளில் நிரப்பினர். 2,600 ஆண்டுகட்கு முன் செங்கல் பாவிய வீதி பெருவண்டிகளின் சக்கரங்களால் நொறுங்கிற்று. பிரிட்டிஷ் காட்சிச்சாலையைச் சார்ந்த ஜான் கர்ட்டிஸ் இவற்றை நேரிற் கண்டு 2005-இல் அறிக்கை வெளியிட்டார். யூதர் சிறையிருந்த பாபிலோனை வேதாகமத்திற் பயின்ற நம் மாணவர்க்கு இவ்வறிக்கை தனித்ததொரு துயரம் தரும்.

கல்லும் மண்ணும் ஒருபுறமிருக்க, மக்கள் நிலையை நோக்குவோம். 2003-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தன் 1483-ஆம் தீர்மானத்தில், அமெரிக்காவும் பிரிட்டனும் சட்டப்படி ஈராக்கைக் கைப்பற்றி ஆளும் அரசுகளே என்று குறித்தது. அத்தீர்மானத்துக்கு ஆறு நாள் முன்னர், ஆட்சித்தலைவராக அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர், பழைய பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினரைப் பதவிகளினின்றும் நீக்க ஆணையிட்டார். தீர்மானத்துக்கு மறுநாள் ஈராக்கின் படை முழுவதையும் கலைத்து மற்றோர் ஆணை பிறந்தது. முதலாணையால் பள்ளியாசிரியர் பலரும் வேலையிழந்தனர். அவருட் பலர் கட்சிக்கொள்கையில் பற்றுக்கொண்டு சேர்ந்தவரல்லர், பதவியைக் காத்துக்கொள்ளச் சேர்ந்தவர். இரண்டாம் ஆணையோ, துப்பாக்கி பிடிக்கக் கற்ற இலட்சக்கணக்கானோரைச் சம்பளமின்றி வீதியில் நிறுத்தியது. பின்னர் ஓரளவு உதவித்தொகை தர இசைந்தனரெனினும், வெறுப்பு அதற்குள் வேரூன்றிவிட்டது. அடுத்த ஆண்டுகளில் எழுந்த கலகத்துக்கு இவ்வாணை பெரிதும் துணைசெய்தது என்பதே பலருடைய துணிபு. எம் துணிபும் அதுவே.

அந்நாட்டுச் சட்டத்தை மதித்தல் வேண்டும் என்னும் விதியை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். பிரிட்டிஷ் அரசின் சட்டத் தலைவர் கோல்ட்ஸ்மித் பிரபு, போர் தொடங்கிய சில நாளிலேயே, ஐக்கிய நாடுகளின் ஆணையின்றி ஈராக்கின் பொருளாதார அமைப்பைப் பெரிதும் மாற்றுதல் சட்டத்துக்கு ஒவ்வாது எனத் தம் பிரதம மந்திரிக்கு எழுதினார். ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில், எண்ணெய் முதலிய இயற்கை வளங்கள் நீங்கலாகப் பெரும்பான்மைத் தொழில்களை அயல்நாட்டார் முழுவதும் உடைமையாக்கிக்கொள்ள இடந்தரும் ஆணை வெளிவந்தது. அயல் முதலால் ஈராக் வளம்பெறும் என்று ஆணையிட்டோர் நம்பியிருத்தல் கூடும். ஒருவன் இல்லத்தைக் காக்கப் புகுந்தவன், சுவர்களை இடித்து அறைகளை மாற்றிக் கட்டுவானாயின், மாற்றம் நன்றாயினும் அஃது அவன் வேலையன்று.

எண்ணெய் விற்ற பணம் ஒரு தனிநிதியிற் சேர்க்கப்பட்டு, ஈராக் மக்கள் நலத்துக்கென்று பிரெமரின் நிருவாகத்தாற் செலவிடப்பட்டது. அந்நிதியிலிருந்து ஈராக்கிய அமைச்சகங்களுக்கு அளித்த 880 கோடி டாலருக்குப் போதிய மேற்பார்வையும் கணக்குமில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கையாளரே 2005 ஜனவரியில் அறிவித்தனர். அத்தொகை முழுதும் களவுபோயிற்று என்று கூறலாகாது. பிறர் பணத்துக்குக் கணக்கு வையாமையே குற்றம். மறுபுறத்தையும் மறைக்கலாகாது: அமெரிக்கா தன் மக்கள் வரிப்பணத்திலிருந்து ஏறத்தாழ 6,000 கோடி டாலர் ஈராக்கின் புனரமைப்புக்கு அளித்தது. அதனால் எழுந்த பள்ளிகளும் நீர்நிலையங்களும் உள; பாதியில் நின்றனவும் உள.

கடனின் இரண்டாம் பொருளுக்கு இனி வருவோம். மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழர் இலர். தன் மகன் தேர்க்காலில் கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அசைத்தது, அரசன் கேட்டான். கதையின் உயிர்நிலை அம்மணியே என்பது எம் கருத்து. மணி தொங்கவில்லையேல் அரசனுடைய நீதி வெளிப்பட வழியேது? படையெடுப்புக்கு உள்ளான மக்கள் அசைத்தற்குரிய மணி யாண்டுளது?

ஒருமுறை அத்தகைய மணி தொங்கியது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தின்மீது படையெடுத்து ஏழு மாத அளவு அதனைத் தன் கைக்கொண்டது. குவைத்தில் உழைத்து வாழ்ந்த இந்தியருள் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உடைமைகளை விட்டு விமானமேறித் தாயகம் திரும்பினர். ஈராக் தோற்றபின், 1991-இல், ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணையம் ஒன்றை நிறுவி, ஈராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, இழப்புற்றோர்க்கு வழங்கியது. தனிமனிதர், வணிக நிறுவனங்கள், அரசுகள் என ஏறத்தாழ 15 இலட்சம் பேர்க்கு 5,240 கோடி டாலர் தீர்ப்பாயிற்று. பெற்றோருள் இந்தியத் தொழிலாளரும் உளர். அப்பங்கு முதலில் நூற்றுக்கு 30 ஆயிருந்து, பின்னர் 25 ஆகி, 2003-இல் 5 ஆகக் குறைந்தது. ஈராக் தானே பிறர் கைப்பட்டிருந்த காலத்தும், உள்நாட்டுக் கலகத்தில் எரிந்துகொண்டிருந்த காலத்தும் அக்கடனிலிருந்து விடுபடவில்லை. இடையிற் சில ஆண்டுகள் தவணை நிறுத்தி வைக்கப்பட்டது. இறுதித் தவணை 2022 ஜனவரியிலேயே தீர்ந்தது.

ஈராக் மக்கள்பொருட்டு அத்தகைய ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. ஆவணங்களால் உறுதிப்பட்ட சாவுகளை மட்டும் எண்ணினும், 2011-ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் வன்முறையால் மாண்டனர். அவர் அனைவரும் அயற்படையால் மாண்டவரல்லர். பெரும்பாலோர் தம்முள் மூண்ட பகையால் மாண்டனர். ஆயினும் அயற்படையினரை ஈராக் நீதிமன்றங்களில் வழக்காடலாகாது என்பது பிரெமர் பிறப்பித்த 17-ஆம் ஆணை. பாஸ்ரா நகரில் தங்கும்விடுதி ஊழியர் ஒருவர் 2003 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைக்காவலில் அடியுண்டு இறந்தார். அவர் குடும்பத்தார்க்கும், உடன் துன்புற்ற பிறர்க்கும் 2008-இல் பிரிட்டன் இழப்பீடு தர இசைந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பாஸ்ராவிற் காவலதிகாரம் செலுத்திய பிரிட்டன் அங்கு நேர்ந்த சாவுகளை முறையாக விசாரிக்கக் கடமைப்பட்டதென 2011-இல் தீர்ப்பளித்தது. சிறுமணியே எனினும் ஒலித்தது. நல்ல சமாரியன், தான் அடியாத ஒருவனுக்காகச் சத்திரக்காரன் கையிற் பணங்கொடுத்து, மிகுதி செலவாயின் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அடித்தவனே வழிப்போக்கனாய் வந்திருப்பின் எவ்வளவு கொடுத்தல் தகும்?

இன்னுமொரு கூட்டத்தாரைக் குறித்தல் வேண்டும். மொழி அறியாத படைக்கு மொழிபெயர்த்து உதவிய ஈராக்கியர், தம் ஊராரால் துரோகிகள் எனப்பட்டனர், பலர் கொலையுண்டனர். டென்மார்க் சிறிய நாடு. ஈராக்கிற்கு அது அனுப்பிய படையும் சிறிது. 2007-இல் பாஸ்ராவை விட்டு நீங்குமுன், தனக்கு உழைத்த மொழிபெயர்ப்பாளரையும் அவர் குடும்பத்தாரையும், ஏறக்குறைய 200 பேரை, இரகசியமாக விமானமேற்றித் தன் நாட்டுக்கு அழைத்துச் சென்றது. அமெரிக்கா 2008-இல் ஆண்டுக்கு 5,000 பேர்வரை குடியேற அனுமதிக்கும் சட்டம் செய்தது. ஆயினும் விசாரணைகள் நீண்டன; விண்ணப்பித்தோர் ஒளிந்து வாழ்ந்துகொண்டே விடைக்குக் காத்திருந்தனர். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படையின் கடைசி வண்டிகள் குவைத் எல்லையைக் கடந்தபோது, அவருட் பலர் ஈராக்கிலேயே இருந்தனர்.