கரும்பு வயலுக்குக் கீழே ஒரு சதுப்பு

வயலில் போடும் உரம் முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் மழைநீரோடு வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. ஆலைக் கழிவென்றால் குழாயின் வாயிலேயே மறித்துச் சுத்தப்படுத்தலாம். வயற்கழிவுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது. லட்சக்கணக்கான ஏக்கரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருகிறது. இதற்குச் செயற்கை ஈரநிலம் நம்பத்தக்க வழி என்பது என் கருத்து. ஆனால் அதைக் குப்பைக்குழியாக நினைக்காமல், நீரும் காவலும் கேட்கும் வயலாகவே நடத்த வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இதற்குச் சாட்சி.

அங்கே ஓக்கிச்சோபி ஏரிக்குத் தெற்கே ஏறத்தாழ 7 லட்சம் ஏக்கர் விளைநிலம் இருக்கிறது, பெரும்பாலும் கரும்பு. ஒரு காலத்தில் அது எவர்கிளேட்ஸ் சதுப்பின் பகுதி. நீரை வடித்ததும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் மக்காமல் சேர்ந்திருந்த கரிமண் காற்றுப் பட்டு மக்கிக் கரையத் தொடங்கியது. 1924-ல் பெல் கிளேட் ஊரில் 9 அடி கான்கிரீட் தூண் ஒன்றை அடிப்பாறை வரை இறக்கி, அதன் தலை மண்மட்டத்தோடு நிற்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூண் ஆளுயரத்துக்கு வெளியே நிற்கிறது. தூண் எழவில்லை, மண்தான் இறங்கிவிட்டது. கரைந்த மண்ணும் உரமும் சேர்ந்து பாஸ்பரஸைத் தெற்கே அனுப்பின. சத்துக் குறைந்த நீரிலேயே வளர்ந்து பழகிய சதுப்பு அதைத் தாங்கவில்லை. ரம்பப் பல் ஓரம் கொண்ட கோரை ஒதுங்கி, சம்பு அடர்ந்து மண்டியது. 1988-ல் மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1994-ல் மாநிலம் சட்டம் இயற்றியது. எவர்கிளேட்ஸுக்குப் பின்னர் வகுத்த வரம்பு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ். அதாவது பத்து டேங்கர் லாரித் தண்ணீரில், ஒரு லட்சம் லிட்டரில், ஒரே ஒரு கிராம்.

அதற்காக ஏறத்தாழ 57,000 ஏக்கரில் கரை கட்டிப் பாத்தி பாத்தியாக ஈரநிலங்களை அமைத்தார்கள். வயலிலிருந்து வரும் நீர் முழங்கால் அளவுக்குப் பரவி மெல்ல நகர்கிறது. முதல் பாத்திகளில் சம்புத் தண்டுகள் வேகத்தைத் தணிக்க, வண்டல் படிகிறது. அடுத்தவற்றில் நீருக்கடியில் வளரும் செடிகளும் பாசியும் கரைந்திருக்கும் பாஸ்பரஸை உறிஞ்சுகின்றன. அவை மடிந்து அடியில் விழுந்து, காற்றில்லாததால் முழுக்க மக்காமல், புதிய கரிமண் படிவமாகின்றன. மேலே வயலில் கரைந்துபோகும் அதே மண், கீழே மறுபடி உருவாகிறது. பாஸ்பரஸும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளில் உள்ளே வந்த பாஸ்பரஸில் முக்கால் பங்குக்கு மேல் இங்கேயே தங்கியிருக்கிறது.

தங்கியதே தவிர அழியவில்லையே என்று கேட்பவர்கள் கேட்பது சரியான கேள்வி. நைட்ரஜனை நுண்ணுயிர்கள் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. வறட்சியில் பாத்தி காய்ந்தால், அடுத்த மழையில் அடைந்து கிடந்தது மீண்டும் கரைந்து வெளியேறும். புயல்மழை ஒரேயடியாகப் புகுந்தால் செடிகளே பெயர்ந்துபோகும். காயாமலும் மூழ்காமலும் நீரை ஆண்டு முழுக்க அளந்து விடுவதுதான் இதற்குப் பதில். நல்ல நிலம் வீணாகிறதே என்ற குறையும் உண்டு. 57,000 ஏக்கர் பெரிதுதான். ஆனால் எந்த விளைநிலத்தின் நீரை அது சுத்தப்படுத்துகிறதோ, அந்த நிலத்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ரசாயனத்தால் படியவைக்கலாமே என்றால், அந்தச் சேற்றை அள்ளி எங்கே கொட்டுவது? கடைசியில் வேளாண்மையைத் தட்டிக்கேட்காமல் விட இது சாக்காகிவிடும் என்ற அச்சம். எனக்கு இதுவே மிக வலுவான ஆட்சேபமாகப் படுகிறது. ஃபுளோரிடாவில் அப்படி விடவில்லை. வயல்களிலிருந்து போகும் பாஸ்பரஸைக் கால் பங்கு குறைப்பது அங்கே கட்டாயம். விவசாயிகள் பெரும்பாலான ஆண்டுகளில் அதைவிட அதிகமாகவே குறைத்திருக்கிறார்கள். மேலே அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் எத்தனை ஏக்கர் சதுப்பு கட்டினாலும் போதாது.

அங்கும் வேலை முடிந்துவிடவில்லை. வெளியேறும் நீர் அப்போதும் வரம்புக்குள் வராததால், மேலும் 6,500 ஏக்கர் ஈரநிலமும், வெள்ளத்தைத் தேக்கிச் சீராக விடும் தேக்கங்களும் கட்ட 2012-ல் 88 கோடி டாலரில் திட்டம் போட்டார்கள். வரம்பை மட்டும் தளர்த்தவில்லை. ஒரு லட்சம் லிட்டருக்கு அதே ஒரு கிராம்தான்.