சக்கரம் போனாலும் உயிர் தப்ப

கண்ணிவெடியிலிருந்து ஒரு வண்டியைக் காக்க வேண்டுமென்றால், அடியில் தடித்த இரும்புத் தகடு போட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். தகடு தேவைதான். ஆனால் அது தட்டையாகத் தரையை ஒட்டி இருந்தால், வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும்.

1970-களில் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) மண்சாலைகளில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். வண்டிக்குள் மணல்மூட்டை அடுக்கினார்கள். டயர்களில் தண்ணீர் நிரப்பினார்கள். பிறகு வண்டியின் வயிற்றையே மாற்றினார்கள்.

அந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான் தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர் என்ற கவச வண்டி. அதன் அடிப்பாகம் படகின் அடியைப் போல 'வி' வடிவில் குறுகி, தரையிலிருந்து நன்கு உயர்ந்திருக்கும். கீழே வெடித்துக் கிளம்பும் வாயு இருபுறச் சரிவிலும் வழுக்கி வெளியேறிவிடும். தூரம் கூடக் கூட வெடிப்பின் வேகமும் குறையும். சக்கரமும் ஆக்சிலும் பிய்த்துக்கொண்டு போகலாம். ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் உடையக்கூடாது. அக்காலத்து டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி ஒன்றில் ஆறேழு கிலோ வெடிமருந்து இருந்தது. சக்கரத்தடியில் 21 கிலோ டி.என்.டி., வயிற்றடியில் 14 கிலோ வெடித்தாலும் தாங்கும்படி காஸ்பிரை வடிவமைத்தார்கள். நிறவெறி அரசு இதே வண்டியைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் ஓட்டி மக்களை ஒடுக்கியது. இந்தப் பொறியியலைப் பாராட்டும்போது அதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கூடு கிழியாவிட்டாலும் ஆபத்து தீராது. சில மில்லி நொடிகளில் தரைத்தகடு மேலே எகிறும்; குதிகாலும் முதுகுத்தண்டும் நொறுங்கும். அதனால் புதிய வண்டிகளில் இருக்கையைத் தரையில் பொருத்தாமல் கூரையிலோ பக்கச்சுவரிலோ தொங்கவிடுகிறார்கள். பெல்ட் போடாதவரின் தலை கூரையில் மோதும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஈராக்கில் அமெரிக்க வீரர்கள் தட்டையான அடிகொண்ட ஹம்வீ ராணுவ வண்டிகளில் போய் மாண்டார்கள். 'வி' வடிவ அடிகொண்ட, கண்ணிவெடி தாங்கும் எம்ராப் (MRAP) வண்டிகளுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் முன்னுரிமை தந்தது 2007-ல்தான். அந்த வண்டிகளுக்கும் ஒரு குறை உண்டு: உயரமும் எடையும் கூடியதால் எளிதில் கவிழும்.

காஸ்பிரை இந்தியாவும் வாங்கியது. அதை ஒட்டி மேடக் படைக்கல ஆலையில் ஆதித்யா என்ற வண்டி உருவானது. ஆனால் 2005 செப்டம்பரில் சத்தீஸ்கரின் பீஜப்பூர் அருகே, கண்ணிவெடி தாங்கும் வண்டி ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, அதில் சென்ற 24 பேர் இறந்தார்கள். வெடி புதைப்பவர் இன்னும் சில கிலோ வெடிமருந்தை எளிதாகச் சேர்த்துவிடலாம். வண்டியின் எடையை அப்படிக் கூட்டிக்கொண்டே போக முடியாது.

பன்னாட்டுத் தடையும் இங்கே கைகொடுக்கவில்லை: 1997-ல் கையெழுத்தான ஒட்டாவா உடன்படிக்கை, ஆட்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளை மட்டுமே தடைசெய்கிறது. வாகனங்களைக் குறிவைப்பவை அதன் வரம்புக்குள் வரவில்லை.