டோல் இலவசம்னா, காசு யார் கட்டுறாங்க?

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். கோலாலம்பூரில் ஏறி, பினாங்குக்குப் போக ஜூரு டோல் சாவடியில் வெளியே வருகிறீர்கள். பெருநாளை முன்னிட்டு அன்று 50 விழுக்காடு கழிவு. டச் என் கோ அட்டையில் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கழிகிறது. "பரவாயில்லையே!" என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

சரி, மீதிப் பாதி எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. நெடுஞ்சாலை நிறுவனத்துக்கு அந்தத் தொகையை அரசாங்கம் ஈடுகட்டுகிறது. அரசாங்கத்தின் பணம் என்றால் வரிப்பணம். சாவடியில் நீங்கள் கொடுக்காததை இன்னொரு வழியில் கொடுக்கிறீர்கள்.

இது ஏன் இப்படி? பதில், நம் நெடுஞ்சாலைகள் தனியாரிடம் போன கதையில் இருக்கிறது.

சாலையை வித்துட்டாங்களா?

இல்லை. பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். நிலமும் சாலையும் அரசாங்கத்துடையவை. தனியாருக்குப் போவது, குறிப்பிட்ட காலத்துக்கு டோல் வசூலிக்கும் உரிமை. நிறுவனம் கடன் வாங்கிச் சாலை போடும், பராமரிக்கும், டோல் வசூலித்துக் கடனை அடைத்து லாபமும் பார்க்கும். காலம் முடிந்ததும் சாலையைத் திருப்பித் தர வேண்டும். இதற்காகப் போடுவதுதான் சலுகை ஒப்பந்தம்.

மலேசியாவில் தனியார்மயக் கொள்கை 1983-இல் வந்தது. அப்போது பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது. பெரிய சாலைகளை முழுக்க முழுக்க அரசாங்கப் பணத்தில் போடுவது கஷ்டம், தனியாரிடம் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது வாதம்.

வேலை வேகமாக நடந்ததும் உண்மை. மலேசிய நெடுஞ்சாலை வாரியம் தொடங்கிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1988-இல் 'பிளஸ்' நிறுவனத்தின் கைக்குப் போனது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். 1994-இல் முழுமையாகத் திறந்தாயிற்று. அதற்கு முன்னால் ஈப்போவுக்குப் போவது என்றால் தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார் என்று பழைய சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்போ பிரச்சினை எங்கே?

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளில். பல ஒப்பந்தங்களில் டோல் எந்த ஆண்டு எவ்வளவு உயரும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்த ஆண்டு வரும்போது மக்கள் கோபப்படுவார்கள் என்று அரசாங்கம் உயர்வை நிறுத்தினால், நிறுவனத்துக்கு இழப்பீடு தர வேண்டும்.

டாமன்சாரா பூச்சோங் நெடுஞ்சாலையைப் பாருங்கள், அதுதான் எல்.டி.பி. 2007-இல் கார்களுக்கான டோல் 1 ரிங்கிட்டிலிருந்து 1.60 ஆனது. 2015-இல் 2.10 ஆனது. 2007 உயர்வின்போது போராட்டம்கூட நடந்தது. ஆனால் உயர்வு ஏன் இவ்வளவு என்று மக்களால் சரிபார்க்க முடியவில்லை. காரணம், ஒப்பந்தங்கள் அப்போது அரசாங்க ரகசியம். 2009-இல்தான் பொதுமக்கள் படிக்க அனுமதி கிடைத்தது.

உயர்வைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. 2025-இல் 10 நெடுஞ்சாலைகளில் உயர வேண்டிய கட்டணத்தை அரசாங்கம் தள்ளிவைத்தது. அதற்கான இழப்பீடு 500 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல்.

இதில் ஒரு நியாயக் கேள்வியும் இருக்கிறது. டோல் என்றால் சாலையில் போகிறவர் மட்டும் கட்டுகிறார். இழப்பீடு என்றால் காரே இல்லாத பாட்டியும், இந்தச் சாலைகளைக் கண்ணால்கூடப் பார்க்காத சபாக்காரரும் சேர்ந்து கட்டுகிறார்கள்.

டோல் குறைஞ்சா நல்லதுதானே?

குறைந்ததற்குப் பதிலாக என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். பிளஸ் ஒப்பந்தம் ஆரம்பத்தில் 30 ஆண்டுகளுக்குத்தான். 2018-இல் முடிந்திருக்க வேண்டியது, பிறகு நீட்டிக்கப்பட்டு 2038 ஆனது. 2020 பிப்ரவரி 1 முதல் பிளஸ் நெடுஞ்சாலைகளில் டோல் 18 விழுக்காடு குறைந்தது, இனி உயர்வு இல்லை என்ற வாக்குறுதியும் வந்தது. கூடவே ஒப்பந்தம் இன்னும் 20 ஆண்டுகள் நீண்டு 2058-க்குப் போனது.

நீங்கள் 2003-இல் பிறந்தவர் என்றால், அப்போது உங்களுக்கு 55 வயது. சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயது! இன்றைய கழிவின் ஒரு பகுதியை எதிர்கால 'நீங்கள்' கட்டப்போகிறீர்கள்.

அப்படியே எல்லாவற்றையும் அரசாங்கமே வாங்கிவிட்டால்?

சேமநிதி என்றதும் ஞாபகம் வருகிறது. பிளஸ் இப்போது யாருடையது தெரியுமா? 2011-இல் யு.இ.எம். குழுமமும் ஊழியர் சேமநிதி வாரியமும் சேர்ந்து அதை வாங்கின. யு.இ.எம்.முக்கு 51 விழுக்காடு, சேமநிதி வாரியத்துக்கு 49. யு.இ.எம்.மின் உரிமையாளர் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல்.

அதாவது, மாதாமாதம் சம்பளத்தில் இ.பி.எஃப். பிடிக்கப்படுகிறவர் என்றால் அந்தச் சாலை வருமானத்தில் உங்களுக்கும் ஒரு துளி பங்கு இருக்கிறது. நாளைக்கே டோலை ஒரேயடியாக ஒழித்தால், சாவடியில் மிச்சமாகும் காசு ஒரு பக்கம், உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு பெறவேண்டிய வருமானம் இன்னொரு பக்கம். அந்த ஓட்டையை யாராவது அடைத்தாக வேண்டும்.

வேறு வழியும் முயற்சி செய்திருக்கிறார்கள். 2022-இல் எல்.டி.பி., கேசாஸ், ஸ்பிரிண்ட், ஸ்மார்ட் சுரங்கப்பாதை ஆகிய நான்கையும் 'அமானாட் லெபுராயா ராக்யாட்' என்ற லாப நோக்கமில்லாத நிறுவனம் எடுத்துக்கொண்டது. வாங்கிய கடனை டோல் வசூலிலிருந்தே அடைப்பது, கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பது, கடன் தீர்ந்ததும் சாலைகளை அரசாங்கத்திடம் ஒப்படைப்பது என்பது ஏற்பாடு. டோல் உடனே போகவில்லை. ஆனால் பங்குதாரருக்கு லாபம் தர வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

அடுத்த அறிவிப்பு வரும்போது...

"டோல் குறைகிறது", "டோல் ரத்து" என்று கைப்பேசியில் செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கழிவை யார் ஈடுகட்டுகிறார்கள்? ஒப்பந்தக் காலம் நீள்கிறதா? சாலை எந்த ஆண்டு நம்மிடம் திரும்பி வரும்?

சாலை போடவும் பராமரிக்கவும் காசு வேண்டும், அதில் சந்தேகமில்லை. சாவடி, வரி, சேமநிதி, எதிர்காலம் என்று எந்தப் பையிலிருந்து எடுத்தாலும் அது நம் பைதான். எந்தப் பையிலிருந்து, எவ்வளவு நாளைக்கு என்று தெரிந்து கட்டுவதுதான் முக்கியம்.